வாசல் அகலமான வீடு

என் வாயாடி அம்மாவுக்கு,

நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கும் நிகழ்ச்சியை நான் நிறுத்தியிருப்பேன் என்று நினைத்தாயா? அப்படியென்றால் பெற்ற மகளை உனக்குத் தெரியவில்லை. அதே பத்தரை மணி. அதே வெள்ளைக்காரப் புருசன் பொண்டாட்டி. ஆள் மாறினாலும் தமிழில் பேசுகிற குரல்கள் அதே இரண்டுதான். மூன்று வீடு பார்க்கிறார்கள், மூன்றிலும் மூக்கைச் சுளிக்கிறார்கள், கடைசியில் ஒன்றை வாங்கிக்கொண்டு கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கடைசி விளம்பர இடைவேளையில் நான் இன்னும், நீ சாய்ந்திருப்பதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பி "எந்த வீடு?" என்று கேட்டுவிடுகிறேன்.

நம் பந்தயத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இடைவேளை முடிவதற்குள் ஆளுக்கொரு வீட்டைச் சொல்ல வேண்டும், தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும். பி.காம் படித்த நான் விலை, தூரம், தோட்டம் என்று யோசித்துச் சொல்வேன். நீ வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரே வார்த்தையில் முடிப்பாய். "எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவ புருசனப் பாக்காம சுவத்தப் பாக்குறாளோ, அதான்டி." வருசக்கணக்கில் நான்தான் பாத்திரம் கழுவினேன்.

எவ்வளவு கொடுமையாகப் பேசுவாய்! அடுப்படியில் வெளிச்சம் போதவில்லை என்று ஒருத்தி அழுதபோது, "ஏன், அடுப்படியில ஊசி கோக்கப் போறாளா?" என்றாய். தங்கள் நாய் ஓடுவதற்குக் கொல்லை சின்னது என்று ஒருவன் சொன்னபோது நீ எழுந்தே உட்கார்ந்துவிட்டாய். "அந்த நாய்க்கு நம்ம வீட்டக் காட்டிறாதீகடா. சிரிச்சே செத்துப்போகும்." நம் வீட்டில் இரண்டு பேர் கால் நீட்டிப் படுத்தால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். அப்பா அதனால்தான் போய்விட்டார் என்று நீ சொல்வாய். அதுவும் கொடுமைதான்.

சாயங்காலச் சீரியலையும் நீ விட்டு வைக்கவில்லை. அந்தப் பெரிய கூடத்தில் குடும்பமே வரிசையாக நின்று ஆளாளுக்கு முறைத்துக்கொண்டிருக்கும்போது, "ஏ பிள்ள, இந்த வீட்ல கக்கூஸ் எங்கிட்டு இருக்கு? நாலு வருசமா ஒருத்தியும் போகலயே" என்பாய். வாரத்துக்கு ஒரு முறை மாமியார் "வீட்டை விட்டு வெளியே போ" என்று கையை நீட்டுவாள், மருமகள் பெட்டியோடு போய்விடுவாள். "போறது கெடக்கட்டும், போற எடத்துல அட்வான்ஸ் இல்லாம வீடு குடுக்கிற மவராசன் யாருன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு."

ஒரு நாள் என் போனில் ஒரு பையன் போட்ட ஹோம் டூர் பார்த்தோம். நீ காய் எடுத்த அதே ஏலக்காட்டுக்கு நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த வீடு. "இங்கே மனுஷங்களே இல்ல ஃபிரெண்ட்ஸ், நாமளும் இயற்கையும் மட்டும்தான்" என்று அவன் கையை விரித்தான். நீ போனைப் பிடுங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாய். கண்ணாடிக்கு வெளியே, ஏலச் செடிகளுக்குள் குனிந்தபடி நாலு தலைமுண்டு தெரிந்தது. "அப்ப இது என்ன, கொரங்கா? நம்ம பக்கத்து வீட்டு ராசாத்தி மாதிரியில்ல இருக்கு!" என்று சிரித்தாய். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமல் நிற்காமல், நான் வெந்நீர் கொண்டுவந்தேன். பூச்சி மருந்து அடித்த மறுநாளே காட்டுக்குள் இறக்கிவிட்டுக் காய் எடுக்கச் சொன்னார்களே, அந்த இருமல்.

ஆனால் ஒரு வீட்டைப் பார்த்ததும் நீ முதலில் என்ன பார்ப்பாய் என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ வாசலைப் பார்ப்பாய். பாடை போகுமா என்று பார்ப்பாய். மாடி வீடு என்றால் படி திரும்புகிற இடத்தைப் பார்ப்பாய். "போடிமெட்டு வளைவுல பதினஞ்சு பொம்பளைய ஏத்திக்கிட்டு ஜீப்பே திரும்பிருது. இந்தப் படியில ஒத்தப் பொணம் திரும்பாதுடி. மேல செத்தவன மேலயே பொதைக்க வேண்டியதுதான்."

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மலை வேலைக்கு உன்னோடு ஒரே ஜீப்பில் வந்த பாண்டியம்மா செத்தபோது, குடியிருந்த வீட்டுக்காரர் பிணத்தை உள்ளே வைக்க விடவில்லை. ரோட்டோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே போட்டிருந்தார்கள். ஐப்பசி மழை. போகிற வருகிற லோடு லாரி எல்லாம் அவள் மேல் சேற்றுத் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஈரத்தோடு என் முன்னால் வந்து நின்றாய். "நான் லயத்துல பொறந்தேன். எஸ்டேட்டுக்காரன் வீடு. வாடகையில வாழ்ந்துட்டேன். செத்தன்னைக்கு ஒரு நாளாச்சும் என்னைய நடு வீட்ல போட்டு வாசல் வழியாத் தூக்குடி. தெருவுல போட்டுறாத." நான் சரி என்றேன். டிவி பார்த்துக்கொண்டே சரி என்றேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் பாதியில் போய்விட்டாயே, மீதியை யார் சொல்வது?

மூன்றாவது வீட்டைக் காட்டிவிட்டு விளம்பரம் போட்டார்கள். நான் மூன்றாவது வீடு என்றேன். நீ சுவரில் சாய்ந்தபடி, "ரெண்டாவது. வாசல் அகலம்" என்றாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது. விளம்பரம் முடிந்தது. அவர்கள் மேசையில் உட்கார்ந்து யோசித்தார்கள், இரண்டாவது வீட்டைத்தான் வாங்கினார்கள். "நாசமாப் போ, இன்னைக்கும் நீதான் ஜெயிச்ச" என்று திரும்பினேன். உன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வெற்றிலைச் சாறு தாடை வரை வந்து நின்றிருந்தது. டிவியில் அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது முடிகிற நேரம் எனக்குத் தெரியும் அம்மா. பதினோரு மணி.

அடுத்த வீட்டு ராசாத்திச் சித்திதான் முதலில் ஓடிவந்தாள். உன் கண்ணை மூடி, தாடையைக் கட்டிவிட்டு, நேராகப் போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுக் காலண்டர் பார்க்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்குள் மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டார்.

"எத்தன மணிக்கு ஆச்சு?"

"பத்தரைக்கே போயிருச்சுங்கய்யா" என்றாள் சித்தி.

நான் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "இல்ல சித்தி. பத்தே முக்கால் வரைக்கும் எங்கூடப் பேசிக்கிட்டுதான இருந்துச்சு. பதினோரு மணி. புரோகிராம் முடியிற நேரம்."

சித்தி என் கையைக் கிள்ளினாள். தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. ஏன் கிள்ளுகிறாள் என்றே எனக்குப் புரியவில்லை. பொய் பிடிக்காத பிள்ளை, படித்த பிள்ளை, எல்லாரையும் திருத்துகிற பிள்ளை.

வீட்டுக்காரர் போனில் பஞ்சாங்கம் பார்த்தார். பத்து ஐம்பது வரை திருவோணம். அதற்குப் பிறகு அவிட்டம். அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. அந்த வீட்டில் ஆறு மாசத்துக்கு ஆள் புழங்கக் கூடாது, பூட்டிவிட வேண்டும். நீ திருவோணத்தில் செத்தாயா, அவிட்டத்தில் செத்தாயா என்பது கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஒரு சோப்பு விளம்பரம், ஒரு வேட்டி விளம்பரம், ஒரு நகைக்கடை விளம்பரம், அதற்கு நடுவில் எங்கேயோ போயிருக்கிறாய். ஆனால் பதினோரு மணி என்று உன் மகள் சாட்சி சொல்லிவிட்டாள்.

"வெரசா வெளிய எடுங்கம்மா. பொணம் உள்ள கெடக்கக் கெடக்க வீட்டுக்குத்தான் கேடு. சாமான் செட்டையும் கையோட எடுத்துருங்க, இன்னைக்கே பூட்டணும்" என்றார்.

"ஐயா, பதினஞ்சு வருசமா இருக்கு. எடுக்குற வரைக்குமாச்சும் உள்ள கெடக்கட்டும்" என்று சித்தி அவர் காலைத் தொடப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். தீட்டு.

தெருவில் போட்டோம் அம்மா. சாக்கடைப் பாலத்துக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு, அதன் மேல் நீ. உன்னைச் சுற்றி நம் பீரோ, கேஸ் அடுப்பு, பருப்பு டப்பா, நீ மலைக்குப் போட்டுப் போகிற செருப்பு, டிவி. டிவியை வைக்க இடம் இல்லாமல் உன் கால்மாட்டில் உன்னைப் பார்த்த மாதிரி வைத்துவிட்டார்கள். மாலை கொண்டுவந்தவர்கள் நம் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பதினைந்து வருசத்தில் ஊர் நம் வீட்டை அன்றைக்குத்தான் முழுசாகச் சுற்றிப் பார்த்தது. அதுவும் ஒரு ஹோம் டூர்தான். உன்னோடு மலைக்குப் போகிறவள் ஒருத்தி, "அடியே மாரியம்மா, இவ்வளவு சாமானையும் அந்தப் பொந்துக்குள்ளயா வச்சிருந்த!" என்று ஒப்பாரியிலேயே ஆச்சரியப்பட்டாள். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

எரித்துவிட்டு வந்து குளித்த பிறகு சித்தி என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "உண்மை பேசுற வாயி. அந்த வாயாலேயே உங்கம்மாளத் தூக்கித் தெருவுல போட்டுட்டியேடி." பிறகு தன் தட்டில் எனக்குச் சோறு போட்டாள்.

மூன்று வாரம் வேலை பார்க்கிற இடத்திலேயே தங்கியிருந்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே வெள்ளை அடித்து, ஃபேன் மாற்றி, பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர் குடும்பத்தோடு குடியேறியிருந்தார். மாடிக்கு ஏறிப்போய்க் கேட்டேன்.

"ஆறு மாசம் அடைப்புன்னு சொன்னீகளேய்யா?"

"பரிகாரம் பண்ணியாச்சும்மா."

"பரிகாரம் இருக்குன்னா அன்னைக்கே பண்ணி எங்கம்மாவ உள்ள வச்சிருக்கலாம்ல?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "பரிகாரம் வீட்டுக்கும்மா. ஆளுக்கு இல்ல."

அதன் பிறகு நான் வீடு பார்க்க ஆரம்பித்தேன். மூட்டை அடுக்கிற கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை முடிந்ததும், விரலில் வாசம் போவதற்குள், தெருத்தெருவாக. வெள்ளைக்காரன் வீட்டைக் கேள்வி கேட்கிறான், நம் ஊரில் வீடு நம்மைக் கேள்வி கேட்கிறது என்று நீ அடிக்கடி சொல்வாய். முழுசாகப் புரிந்தது. பதினொரு வீடு பார்த்தேன். அதில் மூன்றை மட்டும் சொல்கிறேன், பந்தயம் கட்டு.

முதல் வீட்டில் ஒரு பெரியவர். தண்ணீர் வசதி, கரண்டு மீட்டர் எல்லாம் காட்டிவிட்டு, பாசமாகக் கேட்டார். "தப்பா நெனைக்காத தாயி. நீங்க எந்த ஆளுக?" சொன்னேன். "அப்படியா, நல்லதும்மா. வீட்ட மகனுக்கு வச்சிருக்கோம், இப்பத்தான் ஞாபகம் வருது." ஞாபகம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பார்.

இரண்டாவது வீட்டில் ஒரு அக்கா. ஆள் யார் என்று கேட்கவில்லை, அதற்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அம்மா எப்படிச் செத்தார்கள் என்று கேட்டாள். மலைக்கு வேலைக்குப் போய் நெஞ்சு கெட்டுப்போய் என்றேன். "மலைக்குப் போறவுக துணிமணியில மருந்து வாடை இருக்கும்ப்பா, எம் பிள்ளைகளுக்கு ஆகாது. பெறகு இன்னொண்ணு, சாவு விழுந்து வருசம் திரும்பாத வீட்டு ஆள உள்ள விட்டா எங்களுக்குத் தொத்திக்கும்." சொல்லிக்கொண்டே அவள் கிளறிய பாயசத்தில் ஏலக்காய் மணந்தது. யார் எடுத்த காயோ.

மூன்றாவது வீடு ஊருக்கு மறு கோடியில், குரங்கணி ரோட்டுப் பக்கம். ஒரு கூடம், ஒரு அறை, தனி அடுப்படி. வாசலைப் பார்த்ததும் என் சுடிதார் துப்பட்டாவைக் கழற்றி, யாரும் பார்க்காதபோது குறுக்கே பிடித்து அளந்தேன். இரண்டு ஆள் தோளோடு தோள் உரசாமல் போகலாம். வீட்டுக்காரம்மா கேட்டார், "தனிப் பொம்பளப்பிள்ளைக்குக் குடுக்கிறதில்லயே. அம்மா இருக்காகளா?"

அம்மா, நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "இருக்காக. மலையில எஸ்டேட்டுல தங்கி வேலை பாக்குறாக. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வருவாக."

அவ்வளவு எளிதாக வந்தது. இந்த நாக்குக்கு இது தெரியும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால்?

எந்த வீடு என்று கண்டுபிடித்திருப்பாய். ஆமாம், அதுதான். உன் ஆதார் நகலைக் கொடுத்தேன். அந்தப் படத்தில் இருக்கிற முகம் யாருக்கும் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை ராசாத்திச் சித்தி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தவளாக வந்தாள். வீட்டுக்காரம்மா "வாங்க மாரியம்மா" என்றார். இவள் திரும்பவே இல்லை. மறுபடி கூப்பிட்டார். "அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன். கதவைச் சாத்தியதும் சித்தி என்னை அடித்தாள், சிரித்துக்கொண்டே அடித்தாள். "உங்கம்மா உசுரோட இருந்த வரைக்கும் எனக்கு ஒரு பழைய சேலை குடுத்ததில்ல. செத்த பெறகு பேரக் குடுத்திருக்கா, பேரு!"

இப்போது அவள் வாரம் முழுக்க இங்கேயேதான் இருக்கிறாள். மலையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டோம். அது உண்மையும்கூட, இருமுகிறவளை ஜீப்பில் ஏற்றுவதில்லை. அதே இருமல் அம்மா, உன்னுடையதேதான், அடுத்த அறையில் இருந்து கேட்டால் நீதானோ என்று எழுந்து போகிறேன். திருப்பூரில் இருக்கிற அவள் மகன் போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னோடு பந்தயம் கட்டுகிறாள், தோற்கிறாள், பாத்திரம் கழுவ மறுக்கிறாள். "நான் மூத்தவ" என்கிறாள்.

உன் படத்தை மாட்ட முடியவில்லை. மாலை போட்டு விளக்கேற்றினால் யார் என்று கேட்பார்கள். பீரோவுக்குள், சேலைக்கு அடியில் இருக்கிறாய். வருசத் திதிக்கு என்ன செய்வது? உயிரோடு இருக்கிறவளுக்கு எப்படிப் படைப்பது? இந்தக் கடிதத்தைப் புது வீட்டுக்காரம்மா படித்துவிட்டால் என்று கேட்காதே. அவர் சீரியல்தான் பார்ப்பார். படித்தால் பன்னிரண்டாவது வீடு பார்ப்பேன்.

போன வாரம் சித்தி தினசரிக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஆகாத நட்சத்திரங்களை எல்லாம் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தாள். "இதுல எதுலயாச்சும் போயிட்டேன்னா, என்ன சொல்லுவ?" என்று கேட்டாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியை அணைத்துவிட்டுச் சொன்னேன். அவளிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன். முதலில் காலண்டரைப் பார்ப்பேன், பிறகுதான் அழுவேன். எந்த நேரம் நல்ல நேரமோ அந்த நேரத்தைச் சொல்வேன், யார் திருத்தினாலும் அவர் கையைக் கிள்ளுவேன், ரத்தம் வரக் கிள்ளுவேன். தெற்கே தலை வைத்து நடுக் கூடத்தில் போடுவேன். "மாரியம்மா போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டு ஊர் உள்ளே வரும். உன் பெயரைச் சொல்லித்தான் அழும். அந்த அகலமான வாசல் வழியாக, இந்தத் தடவை, உன்னைத் தூக்குவேன்.

பந்தயத்தில் தோற்ற பாத்திரம் இன்னும் பாக்கி வைத்திருக்கும்,
உன் ஒரே மகள்.